எச்சில் இளநீர்

மாமல்லபுரம் ஐந்து ரதத்து வாசலில் இளநீர் குடிக்கிறவர்களுக்கு ஒரு கேள்வி. பாதி குடித்துவிட்டு மிச்சத்தைப் பக்கத்தில் நிற்பவரிடம் நீட்டினால் வாங்கிக் குடிப்பாரா? 'ஸ்ட்ரா போட்டுத்தானே குடிச்சீங்க?' என்று கேட்டுவிட்டு ஒருவேளை குடிக்கலாம். ஏழாம் நூற்றாண்டில் ஸ்ட்ரா கிடையாது.

யானை மேல் உலாத்தப் போன நரசிம்மவர்ம பல்லவன், அதாவது நம்ம மாமல்லன், தாகத்துக்கு இளநீர் குடித்தான். மிச்சத்தைக் காயோடு மானவர்மனிடம் கொடுத்தான். மானவர்மன் இலங்கை இளவரசன். சிம்மாசனம் கைவிட்டுப் போய், அடைக்கலம் தேடி வந்தவன். 'சிநேகிதன்தானே, இதில் என்ன எச்சில்' என்று நினைத்துக் குடித்துவிட்டான். பார்த்த மாமல்லன் பதறிப்போய், அவன் வைத்த மிச்சத்தை வாங்கித் தானும் குடித்தான். அன்று முதல் சாப்பாடு, படுக்கை, வாகனம் எல்லாம் இருவருக்கும் சமம்.

இந்தக் காட்சி நம் இலக்கியம் எதிலும் இல்லை. இலங்கையின் சூளவம்சத்தில் இருக்கிறது. வில்ஹெல்ம் கெய்கரின் மொழிபெயர்ப்பு 1929ல் வந்தது. 47ஆம் அத்தியாயம் முழுக்க மானவர்மன் கதை.

நம் பக்கத்தில் என்ன இருக்கிறது? காரைக்கால் அருகே கிடைத்த காசாக்குடிச் செப்பேடு. லங்கையை வென்றதில் மாமல்லன் ராமனையே மிஞ்சிவிட்டான் என்கிறது. அவ்வளவுதான். மானவர்மன் பேர் கிடையாது, இளநீரும் கிடையாது. ஒரு நண்பனுக்காகப் படை அனுப்பியது, நூறு வருஷத்துக்குள் 'வென்றான்' ஆகிவிட்டது.

ஸ்கூல் எக்ஸ்கர்ஷனில் செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக வந்து இறங்கியபோது கைடும் இதையேதான் சொன்னார். 'இங்கேருந்துதான் கப்பல் ஏறி லங்கையை ஜெயிச்சாங்க!' நாங்கள் கை தட்டினோம். படை கடல்மல்லையிலிருந்து கிளம்பியிருக்க வேண்டும் என்பது நியாயமான ஊகம்தான். ஜெயித்த கதைதான் அத்தனை சுலபமில்லை.

முதல் தடவை போன படை, தங்கள் ராஜாவுக்கு உடம்பு சரியில்லை என்று கேள்விப்பட்டதும் பாதியில் திரும்பிவிட்டது. மானவர்மனும் வேறு வழியில்லாமல் திரும்பி வந்தான். இரண்டாம் தடவை யாருக்கும் போக இஷ்டமில்லை. ராஜாவின் ஆபரணங்களையும் முரசையும் மானவர்மனிடம் கொடுத்துக் கப்பலில் ஏற்றி, ராஜாவே வருகிறார் என்று நம்பவைத்துத்தான் ஆட்களைக் கிளப்பினார்கள். அங்கே எதிரில் யார்? அநுராதபுரத்தில் ராஜாக்களை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்த பொத்தகுட்டன். அவன் ஒரு தமிழன்! இந்தக் கதையைத் தமிழன் எதிர் சிங்களவன் என்று படிக்கிற இரு கரைக்காரர்களும் பொத்தகுட்டனை எங்கே உட்காரவைப்பார்கள் என்று தெரியவில்லை.

(மாமல்லன் காலம் 668 வாக்கில் முடிகிறது. மானவர்மன் பட்டமேறியது 684 என்று ஒரு கணக்கு. நடுவில் 16 வருஷம் இடிக்கிறது. நிபுணர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.)

நம்மில் பலருக்கு மானவர்மனை அறிமுகப்படுத்தியது கல்கி. 1944 முதல் 1946 வரை தொடராக வந்த 'சிவகாமியின் சபத'த்தில் அவன் மாமல்லனின் நல்ல நண்பன். ஆனால் நாவலின் கவலையெல்லாம் வாதாபியும் சிவகாமியும்தான். இலங்கை அதற்கு ஓரம். நாவலாசிரியரைக் குறை சொல்ல முடியாது, கதை அவருடையது. அதையே சரித்திரமாக எடுத்துக்கொண்டு அங்கேயே நின்றுவிட்டது நம் சோம்பேறித்தனம். சூளவம்சம் வேறு ஒன்றும் சொல்கிறது. வல்லபன், அதாவது சாளுக்கியன், படையெடுத்து வந்தபோது 'உனக்கு எதுவும் ஆகிவிடக்கூடாது' என்று மாமல்லன் இவனை விட்டுவிட்டுப் போக, இவன் தானாகப் படையோடு போய்ச் சண்டை போட்டான். முதலில் கைகொடுத்தது அகதிதான்.

சூளவம்சம் மட்டும் யோக்கியமா என்றால், அதுவும் பல நூற்றாண்டு கழித்துப் பிக்குகள் எழுதியது. தங்கள் ராஜாவுக்கு மரியாதை கிடைத்த இடங்களைப் பொறுக்கி எடுத்திருப்பார்கள். சின்ன வீட்டுக்காரனுக்குப் பெரிய வீட்டில் எந்தத் தட்டில் சோறு போட்டார்கள் என்பது மறக்காது. காஞ்சி ஏற்றிவைத்த அந்த வம்சத்தை 1017ல் தஞ்சை முடித்துவைத்தது. ஐந்தாம் மகிந்தனைச் சோழர்கள் பிடித்து வந்தார்கள். இங்கேயே செத்துப்போனான்.

2019 அக்டோபரில் நரேந்திர மோடியும் ஷி ஜின்பிங்கும் ஐந்து ரதம் பக்கத்தில் உட்கார்ந்து இளநீர் குடித்தார்கள். டிவியில் பார்த்திருப்பீர்கள். இலங்கையின் அம்பாந்தோட்டைத் துறைமுகம் அதற்கு இரண்டு வருஷம் முன்பே, 99 வருஷக் குத்தகைக்குச் சீனக் கம்பெனி கையில் போயிருந்தது. 2022ல் டீசலுக்கும் மருந்துக்கும் அங்கே காசில்லாமல் போனபோது, இந்தியா சுமார் 400 கோடி டாலர் அளவுக்குக் கைகொடுத்தது. நம் செப்பேட்டில் இது ஒரு வரியாகக் கட்டாயம் வரும். அங்கே அதை எப்படி எழுதிவைக்கிறார்கள் என்று படிக்கத்தான் எனக்கு ஆசை.