பத்து நிமிடமும் ஒரு விடுதலைப் பத்திரமும்

மூச்சை எண்ணச் சொல்கிறது குரல். நான் விசிலை எண்ணிக்கொண்டிருக்கிறேன். மூன்றாவது விசிலில் பருப்பு வெந்துவிடும். நான்காவதுக்குப் போனால் குழைந்துவிடும். மொட்டை மாடிக்குப் போகும் படிக்கட்டில் கதவைச் சாத்திக்கொண்டு, கண்ணை மூடி உட்கார்ந்திருக்கிறேன். காது மட்டும் சமையலறையிலேயே இருக்கிறது.

இப்படித்தான் தொடங்கினேன். ஒரு வருடத்துக்கு மேலாக, அநேகமாக எல்லா நாளும், விடியுமுன் பத்து நிமிடம். முதலில் கைபேசிச் செயலியில் ஓர் ஆண் குரல், அது சலித்தபோது ஒரு பெண் குரல், பிறகு குரலே இல்லாமல். அந்தப் பத்து நிமிடத்தால் எனக்கு நன்மை நடந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் பின்னால் நான் சொல்லப்போகும் குறைகளை அனுபவமில்லாதவளின் பேச்சு என்று ஒதுக்குவது சுலபம்.

உட்காரப் போனதற்குக் காரணம் ஒரு பழக்கம். துறைக் கூட்டத்தில் யாரோ சொன்ன ஒரு சொல்லுக்கு இரவு இரண்டு மணிக்குப் பதில் சொல்லிக்கொண்டிருப்பேன். நான் ஒரு வாக்கியம், அவர் ஒரு வாக்கியம், இரண்டு வேடமும் நானே. மாடு அசைபோடுவது செரிப்பதற்காக. நான் போட்ட அசை எதையும் செரிக்கவில்லை. சூசன் நோலன்-ஹோக்சிமா என்ற அமெரிக்க உளவியலாளர் தன் ஆய்வு வாழ்க்கையின் பெரும்பகுதியை இந்த அசைபோடுதலுக்கே கொடுத்தவர். ஆண்களைவிடப் பெண்களிடம் இது அதிகம், மனச்சோர்வு பெண்களிடம் அதிகமாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்றார். அவருடைய பெயரைச் சொல்லி எழுதுகிறவர்கள் பலரும் இந்த இடத்தில் நின்றுவிடுகிறார்கள். 1999-இல் அவர் மற்ற இருவரோடு சேர்ந்து எழுதிய கட்டுரை இன்னும் கொஞ்சம் தூரம் போகிறது. பெண்களுக்கு நாட்பட்ட நெருக்கடிகள் அதிகம், தன் வாழ்க்கை தன் கையில் இருக்கிறது என்ற உணர்வு குறைவு. இவை அசைபோடுதலைக் கூட்டுகின்றன. அசைபோடுதல் திரும்பவும் இவற்றைக் கூட்டுகிறது. நள்ளிரவில் என் மண்டைக்குள் நடந்த வழக்காடல் என் மூளையின் கோளாறு மட்டுமல்ல. பகலில் பேச இடம் கிடைக்காத பேச்சும் அதில் இருந்தது.

பத்து நிமிடத்தில் நடக்கும் வேலை மிக எளிமையானது. மூச்சில் கவனத்தை வைக்கிறோம், அது ஓடுகிறது. ஓடியதைக் கண்டுகொள்கிறோம், திருப்பிக் கொண்டுவருகிறோம். மனம் ஓடாமல் இருப்பதுதான் தியானம் என்று நினைத்துப் பலர் ஒரே வாரத்தில் விட்டுவிடுகிறார்கள். ஓடியதைக் கண்டுகொள்ளும் அந்தக் கணம்தான் பயிற்சி. ஒரு நாளைக்கு இருபது முப்பது முறை கண்டுகொண்டால், இரவு இரண்டு மணிக்கும் ஒரு முறை கண்டுகொள்ள வருகிறது: 'ஓ, மறுபடி கூட்டத்துக்குப் போய்விட்டேன்.' அதற்காக உடனே தூக்கம் வந்துவிடாது. ஆனால் வசனம் எழுதுவது நின்றுவிடும்.

1979-இல் ஜான் கபாட்-ஸின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் பல வாரப் பயிற்சி ஒன்றைத் தொடங்கினார். நாட்பட்ட வலியும் நோயும் கொண்டவர்களுக்கானது. புத்தமதச் சூழலிலிருந்து எடுத்ததை மதச்சாயல் இல்லாமல் மருத்துவமனைக்குள் கொண்டுவந்தார். அங்கிருந்து கைபேசிக்கு வருவதற்குள் அது சுருங்கிப் பத்து நிமிடமாகி, சந்தாவும் ஆகிவிட்டது. 2014-இல் ஓர் அமெரிக்க மருத்துவ இதழ் 47 பரிசோதனைகளைச் சேர்த்துப் பார்த்து ஒரு மதிப்பீட்டை வெளியிட்டது. பதற்றத்தையும் மனச்சோர்வையும் தியானம் ஓரளவு குறைக்கிறது, மருந்தையோ உடற்பயிற்சியையோவிட மேலானது என்பதற்குச் சான்றில்லை என்றது அது. ஓரளவு. இந்தச் சொல்லை விளம்பரங்களில் பார்க்க முடியாது.

ஆனால் என் சச்சரவு அளவைப் பற்றியதல்ல. குரல் பேசும் மொழியைப் பற்றியது.

அந்த மொழியில் எண்ணங்கள் மேகங்கள், நீங்கள் வானம். கோபம் வருகிறதா, பாருங்கள், விடுங்கள். கேட்பவருக்கு ஒரு வீடு இருக்கிறது, அதில் வேறு ஆட்கள் இருக்கிறார்கள், அந்தக் கோபத்துக்கு ஒரு முகவரி இருக்கக்கூடும் என்ற நினைவே அந்தக் குரலுக்கு இல்லை. 2019-இல் இந்திய அரசு நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்காக ஒரு நாளில் 299 நிமிடம் செலவிடுகிறார்கள். அதே வேலையைச் செய்யும் ஆண்கள் 97 நிமிடம். வீட்டு வேலையே செய்யாத ஆண்கள் இந்த 97-இல் சேர்த்தியில்லை. இந்த இடைவெளியைப் பற்றி எந்தச் செயலியும் பேசாது. 299-இலிருந்து பத்தைத் திருடி, மிச்சம் 289-ஐத் தாங்கிக்கொள்ளும் சாந்தத்தை வளர்த்துக்கொள்ளச் சொல்கிறது. தியானம் செய்யும் அம்மா குழந்தைகளிடம் எரிந்து விழமாட்டாள், மாமியாரோடு அனுசரித்துப் போவாள் என்று நம் பத்திரிகைகளும் பெண்கள் பக்கத்தில் எழுதுகின்றன. விமானப் பணிப்பெண்கள் சிரித்த முகத்தைச் சம்பளத்துக்காக உற்பத்தி செய்வதை ஆர்லி ஹாக்சைல்ட் 1983-இல் எழுதினார். வீட்டில் சம்பளமும் கிடையாது.

தமிழில் இதற்கு இன்னொரு திருப்பம் உண்டு. சைவ மரபில் 'சும்மா இருத்தல்' உச்ச நிலை. அது எவ்வளவு கடினம் என்று தாயுமானவர் போன்றவர்கள் உருகியிருக்கிறார்கள். அதே 'சும்மா இரு' ஒரு பெண்ணிடம் சொல்லப்படும்போது வாயை மூடு என்று பொருள். வேலைக்குப் போகாத பெண்ணை 'வீட்டில் சும்மா இருக்கிறாள்' என்கிறோம். இந்த மூன்று சும்மாக்களும் ஒரே குரலில் கலந்து வரும்போது எது எது என்று பிரித்தறிய எனக்கு நாளாயிற்று.

பிரித்தறிய வைத்தது ஒரு பத்திரம்.

கும்பகோணத்தில் இருக்கும் எங்கள் வீடு அப்பா சொந்தச் சம்பாத்தியத்தில் கட்டியது. உயில் எழுதாமல் போய்விட்டார். 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அம்மா, அண்ணன், நான் மூன்று பேருக்கும் சம பங்கு. பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சம உரிமை தரும் தமிழ்நாட்டுச் சட்டம் 1989-இல் வந்தது. அதைத் தீர்மானமாகக் கேட்ட செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு நடந்தது 1929-இல். அறுபது வருடம். இதையெல்லாம் வகுப்பில் சொல்லிக் கொடுக்கிறவள் நான். அண்ணன் தொலைபேசியில், "வீட்ட இடிச்சுக் கட்டலாம்னு இருக்கேன் பாப்பா, லோனுக்கு ஒரு கையெழுத்து, சனிக்கிழமை ரெஜிஸ்டர் ஆபீஸ் வந்துட்டுப் போயிடு" என்றான். "சரிண்ணா" என்றேன். அம்மா ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருந்தாள்.

அந்தக் கையெழுத்துக்குப் பெயர் விடுதலைப் பத்திரம். கூட்டுச் சொத்தில் தன் பங்கை மற்றவருக்கு விட்டுக்கொடுப்பதை நம் சார்பதிவாளர் அலுவலகங்களில் இப்படித்தான் எழுதுகிறார்கள். விடுதலை யாருக்கு என்று பத்திரம் சொல்வதில்லை.

அந்த வாரம் முழுவதும் படிக்கட்டில் உட்கார்ந்தபோது வயிற்றில் ஒரு இறுக்கம். பார்த்தேன், விட்டேன். பயிற்சி பெற்ற மனம் அல்லவா, மூன்று நாள் நன்றாகவே விட்டது. சொத்தா பெரிது, உறவல்லவா பெரிது என்ற எண்ணம்கூட வந்தது. அதை ஞானம் என்று எடுத்துக்கொண்டேன். அது என் ஞானமல்ல, என் பாட்டி முதல் எல்லாருக்கும் சொல்லித்தரப்பட்ட பாடம். அந்தப் பழைய வசனத்தைத் தியானத்தின் அமைதியான குரலில் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை விடியற்காலையில் வேறொன்று கண்ணில் பட்டது. மனதிற்குள் அண்ணன் பேசுகிறான், நான் "சரிண்ணா" என்கிறேன். கேள்வி முடிவதற்குள் அந்தச் சரி வந்துவிடுகிறது. நாற்பத்தாறு வருடமாக இதை என் சுபாவம் என்று நினைத்திருந்தேன். எல்லாரும் 'தங்கமான பொண்ணு' என்றது இதைத்தான். அந்தக் காலையில் அது சுபாவமாகத் தெரியவில்லை, இரவு இரண்டு மணி வழக்காடல் போல இதுவும் தானாக ஓடும் ஒன்று. கேள்விக்கும் சரிக்கும் நடுவே ஒரு மூச்சு அளவு இடம் இருந்தது. சனிக்கிழமை நான் போகவில்லை. "யோசிக்கணும்ணா" என்றேன். "இதுல யோசிக்க என்ன இருக்கு?" என்றான். அந்தத் தீபாவளிக்கு அவனிடமிருந்து அழைப்பு வரவில்லை.

ஆக, என்னைக் கையெழுத்துக்குத் தயார் செய்ததும் அந்தப் பத்து நிமிடம்தான், தடுத்ததும் அதுதான். 'விடு' என்ற சொல் இல்லாமல், 'கண்டுகொள்' என்பதோடு நிறுத்திக்கொண்ட அன்று அது என் பக்கம் இருந்தது. எதைக் கண்டுகொண்டோம் என்பதைப் பேச வெளியே ஆள் வேண்டும். எனக்கு ஒரு வழக்கறிஞர் தோழி இருந்தாள். எந்தச் செயலிக்கும் அவளைத் தெரியாது.

தை மாதம் அம்மா பத்து நாள் வந்திருந்தாள். பத்திரத்தைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை. இரண்டாம் நாள் படிக்கட்டுக் கதவைத் திறந்து, "கண்ண மூடிண்டு என்னடி பண்றே?" என்றாள்.

"சும்மா உக்காந்திருக்கேன்மா."

"சும்மாவா?" கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். "சரி உக்காரு, விசில நான் பாத்துக்கறேன்."

அந்த வாரம் எனக்குத் தியானம் மிக நன்றாக அமைந்தது. கணவர் எழுந்திருக்க இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. கடைசி நாள் அம்மாவைப் படியில் உட்காரவைத்து, கதவைச் சாத்திவிட்டு, குக்கர் பக்கத்தில் நான் நின்றேன். இரண்டாவது விசில்கூட வரவில்லை. கதவு திறந்தது.

"கொத்தமல்லி ஆய்ஞ்சியா?" என்றாள்.