‘இரட்சணிய யாத்திரிகம்’: எங்கே தொடங்கி, எப்படி ரசிப்பது?

நவம்பர் பிறந்தால் கேரளத்தின் எருத்தேன்பதி, கொழிஞ்சாம்பாறை பக்கத்துத் தமிழ்ப் பூசைகளில் வாசகங்களின் தொனி மாறிவிடும். கல்லறைத் திருநாள் தொடங்கி கிறிஸ்து அரசர் பெருவிழா வரை முடிவு, வருகை, தீர்ப்பு என்றே பேச்சு. மிரட்டும் பிரசங்கங்களில் அலுத்தவர்கள் அந்த மாதத்தில் கையில் எடுக்க வேண்டிய நூல், எச்.ஏ. கிருஷ்ணப் பிள்ளையின் ‘இரட்சணிய யாத்திரிகம்’.

பிள்ளை 1827-இல் நெல்லைச் சீமையின் கரையிருப்பில் வைணவக் குடும்பத்தில் பிறந்தவர், 1858-இல் கிறிஸ்தவரானார். ‘நற்போதகம்’ மாத இதழில் 13 ஆண்டுகள் தொடராக வந்த இந்தக் காப்பியம் 1894-இல் நூலானது. ஐந்து பருவங்கள், 3766 பாடல்கள். இதன் முதல்நூல் 1678-இல் வெளியான, ஜான் பன்யன் எழுதிய யாத்திரிகக் கதை. அனுமதியில்லாமல் பிரசங்கித்ததற்காக 12 ஆண்டுகள் பெட்ஃபோர்டு சிறையில் கிடந்தவர் பன்யன்.

முதல் பாட்டிலிருந்து தொடங்க வேண்டாம்

நேரே குமார பருவத்து இரட்சணிய சரிதப் படலத்துக்குப் போங்கள். பன்யன் கதையில் இல்லாத, பிள்ளை தாமே விரித்த இயேசுவின் பாடுகள் அங்கே இருக்கின்றன. சீர் பிரித்து, வாய்விட்டுப் படியுங்கள். கம்பராமாயணம் கேட்டுப் பழகிய காதுக்கு விருத்தத்தின் நடை உடனே பிடிபடும். அருஞ்சொற்களுக்கு அகராதி புரட்டுவதை இரண்டாம் வாசிப்புக்கு வைத்துக்கொள்ளலாம்.

எதைக் கவனிப்பது?

இயேசுவைக் கயிற்றால் கட்டி இழுத்துவந்து நிறுத்துகிறார்கள். அவரைப் பிணித்திருப்பது கயிறல்ல, தம்மைப் பகைத்தவர் மேலுள்ள அன்புதான் என்கிறார் பிள்ளை. ஏசுகிறார்கள், ஆளுநன் பிலாத்து கேள்வி கேட்கிறான், பதில் இல்லை. முள்முடி சூட்டித் தலையில் அடிக்கிறார்கள். பார்த்து நிற்பவர்களில் சிலருக்கு மனம் பொறுக்கவில்லை. இன்னும் நிலம் வெடிக்கவில்லையே, வானம் இடிந்து விழவில்லையே, கடல் வற்றவில்லையே, உலகம் அழியாமல் தாமதிப்பது ஏன் என்று கதறுகிறார்கள்.

இங்கே கொஞ்சம் நில்லுங்கள். தீர்ப்பு நாளைக் கண்டு நடுங்குபவர்களைத்தான் நாம் வழக்கமாகப் பார்க்கிறோம். இவர்களோ அது இப்போதே வராதா என்று கேட்கிறார்கள். அது வரவில்லை. நீதி தள்ளிப்போகிற அந்த இடைவெளியில் விசுவாசத்தை விடாமல் நிற்பதற்குப் பெயர்தான் உண்மையாயிருத்தல். காப்பியம் முழுவதையும் இந்தக் கண்ணோடு படியுங்கள்.

பக்கத்தில் வைத்துப் படிக்க

பன்யன் கதையில் யாத்திரிகனின் தோழன் மாயச் சந்தையில் கைதாகிறான். நன்மையை வெறுப்பவன் என்பது நீதிபதியின் பெயர்; குருடன் என்பவன் தீர்ப்புச் சொல்லும் குழுவில் ஒருவன். பொய்ச்சாட்சி கேட்டு அவனை எரித்துக் கொல்கிறார்கள். கூட்டத்துக்குப் பின்னால் காத்திருந்த தேர் அவனை விண்ணகத்துக்கு ஏற்றிப் போகிறது. கீழ்க்கோர்ட்டுத் தீர்ப்பு மேலே செல்லாது என்ற துணிச்சல், சிறையில் இருந்தவனுக்கே உரியது.

கடைசியாக மத்தேயு 25-ஆம் அதிகாரம். மூன்றாண்டுக்கு ஒருமுறை கிறிஸ்து அரசர் பெருவிழாவில் அதன் பிற்பகுதி வாசிக்கப்படும். பசித்தவனுக்குச் சோறு, தாகித்தவனுக்குத் தண்ணீர், சிறையில் இருப்பவனைப் போய்ப் பார்த்தாயா என்பவை அங்கே தீர்ப்பிட வரும் அரசரின் கேள்விகள். பிள்ளையைப் படித்தபின் கேட்டால் ஒன்று உறைக்கும்: கேட்பவர், பிலாத்துவின் முன் கட்டுண்டு பேசாமல் நின்ற அதே கைதி.