டிஸ்க் 100%: ரிசோர்ஸ் மானிட்டரை வைத்து ஒரு விசாரணை

பெரிய கோப்புகளை நகலெடுக்கும்போதோ, பின்னணியில் விண்டோஸ் அப்டேட் ஓடும்போதோ கணினி திடீரென நின்றுவிடும். மவுஸ் அம்பு மட்டும் நகரும். ஐந்தாறு விநாடி கழித்து, அதுவரை தட்டிய எழுத்தெல்லாம் மொத்தமாக வந்து விழும். டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் டிஸ்க் 100%. அதைப் பார்த்துவிட்டு நேராகப் புது எஸ்எஸ்டி வாங்கக் கிளம்புகிறவர்கள் நிறையப் பேர். அவசரம் வேண்டாம். விண்டோஸுக்குள்ளேயே பல வருடங்களாக யாரும் சீண்டாமல் கிடக்கும் ரிசோர்ஸ் மானிட்டரை முதலில் திறந்து பாருங்கள். ஸ்டார்ட் மெனுவில் தேடினாலே வந்துவிடும்.

அந்த 100% வேகத்தின் அளவு இல்லை. டிஸ்க்கின் கையில் ஏதாவது ஒரு வேலை இருந்த நேரத்தின் பங்கு, அவ்வளவுதான். மாஸ்டர் ஒரு டீ போட்டாலும் பத்து டீ போட்டாலும் 'பிஸி'தானே! விநாடிக்கு 2 எம்பி மட்டும் எழுதிக்கொண்டே டிஸ்க் 100% காட்டுவதும் உண்டு.

ரிசோர்ஸ் மானிட்டரில் டிஸ்க் டேபுக்குப் போய், கடைசியில் இருக்கும் ரெஸ்பான்ஸ் டைம் தலைப்பைக் கிளிக் செய்து, பெரிய எண் மேலே வரும்படி அடுக்குங்கள். எந்தக் கோப்புக்கு எத்தனை மில்லிசெகண்ட் காத்திருக்க வேண்டியிருக்கிறது என்று வரிசையாகத் தெரியும். நல்ல எஸ்எஸ்டியில் இது ஒற்றை இலக்கத்தில் இருக்கும். பழைய ஹார்ட் டிஸ்க்கில் பத்து, இருபது சகஜம். நூற்றுக்கணக்கில் ஏறினால் கணினி திணறும். ஆயிரத்தைத் தாண்டினால் நீங்கள் பார்த்த உறைதல் அதுதான்.

8 ஜிபி ரேமும் மலிவான க்யூஎல்சி எஸ்எஸ்டியும் உள்ள ஒரு லேப்டாப்பில் பெரிய வீடியோ ஃபோல்டரை நகலெடுத்துப் பார்த்தேன். ஆரம்பத்தில் பறந்தது. பாதியில் வேகம் சரிந்தது, ரெஸ்பான்ஸ் டைம் எகிறியது. ஒரு செல்லில் 4 பிட் எழுதும் இந்த வகை, அதே செல்களில் ஒரு பகுதியை ஒற்றை பிட் முறையில் வேகமான கேஷாகப் பயன்படுத்துகிறது. அது நிரம்பியதும் சாயம் வெளுத்துவிடும். டிஸ்க்கில் காலியிடம் குறையக் குறைய இந்த கேஷும் பெரும்பாலும் சுருங்கும். அட்டைப்பெட்டியில் அச்சடித்த வேகம் கேஷ் நிரம்பும் வரைக்கும்தான் என்பதை எந்த விளம்பரமும் பெரிய எழுத்தில் போடுவதில்லை.

ஆனால் பட்டியலின் உச்சியில் பேஜ்ஃபைல் இருந்தால் கதையே வேறு. ரேம் போதாமல் விண்டோஸ் டிஸ்க்கைக் கடன் வாங்குகிறது. மெமரி டேபில் ஹார்ட் ஃபால்ட் கோடும் கூடவே எழும்பும். புது எஸ்எஸ்டிக்கு எடுத்து வைத்த காசை ரேமுக்குத் திருப்பிவிடுங்கள்.

சந்தேகப்படும் புரோகிராமை ரைட் கிளிக் செய்து சஸ்பெண்ட் கொடுத்து, திணறல் நிற்கிறதா என்று பார்க்கலாம். ஆன்டிவைரஸா, கிளவுட் சிங்கா என்ற வாக்குவாதத்துக்கு இடமே இல்லை. அதே மெனுவில் உள்ள வெயிட் செயின், நின்றுபோன புரோகிராம் யாருக்காகக் காத்திருக்கிறது என்பதையும் காட்டும். சிஸ்டம் புரோசஸில் மட்டும் கை வைக்காதீர்கள்.

இந்தக் கருவியின் பெரிய ஓட்டை: கணினி உறைந்தால் இதுவும் உறையும். வரைபடம் ஒரு நிமிடத்துக்கு மேல் எதையும் நினைவில் வைக்காது, பதிவும் செய்யாது. நடந்ததைப் பிறகு தோண்ட ஈவென்ட் வியூவரின் சிஸ்டம் லாக்தான் வழி. உறைந்த அதே நேரத்தில் 129 என்ற எண் இருந்தால், டிஸ்க் பதில் சொல்லாமல் போய் விண்டோஸ் அதை ரீசெட் செய்திருக்கிறது. 153 என்றால் படிக்கவோ எழுதவோ மறுபடி முயன்றிருக்கிறது. டெஸ்க்டாப் என்றால் முதலில் சாட்டா கேபிளை மாற்றுங்கள். லேப்டாப் என்றால் எஸ்எஸ்டியின் ஃபர்ம்வேரைப் புதுப்பித்து, பவர் ஆப்ஷன்ஸில் லிங்க் ஸ்டேட் பவர் மேனேஜ்மென்டை அணைத்துப் பாருங்கள்.

டிஸ்க் வரைபடம் அமைதியாக இருந்தும் திக்கினால் டிஸ்க்கை விட்டுவிடலாம். சில ரைசன் கணினிகளில் எஃப்டிபிஎம் என்ற பாதுகாப்பு அம்சம் காரணமாக இப்படித் திக்குகிறது என்று 2022 மார்ச்சில் ஏஎம்டியே ஒப்புக்கொண்டது. தீர்வு பயாஸ் அப்டேட்.

லாக்கில் டிஸ்க் பெயரோடு 7 என்ற எண் தென்பட்டால் அது பேட் பிளாக். விசாரணையை அங்கேயே நிறுத்திவிட்டு, முதலில் கோப்புகளை வேறு டிஸ்க்குக்கு மாற்றுங்கள்.