கண்டியின் அழகும் காம்பிராச் சுவரும்

பிரயாணம் செய்து திரும்புவோர், தாம் கண்ட அழகில் ஒரு துளியையேனும் தம் வீட்டுச் சுவரில் நிலைநிறுத்த விழைவது மனித இயல்பு. அதனை வெறும் ஆடம்பரம் என ஒதுக்கிவிடுதல் முற்போக்கு நோக்கு ஆகாது. அழகை நாடும் உரிமை அனைவர்க்கும் உண்டு. ஆயின், அந்த அழகைப் படைத்தவன் யார், அவன் வீட்டுச் சுவரில் என்ன இருக்கிறது என்று கேட்கும் உரிமையும் நமக்கு உண்டு.

கண்டியின் கடைத்தெருவில் இவ்வினாவிற்கு இடமில்லை. அங்கே பித்தளைத் தட்டும், அரக்குப் பூசிய பெட்டியும், அம்பலாங்கொடை முகமூடியும் ஒரே கண்ணாடிப் பேழையில் அருகருகே அடுக்கப்பட்டுள்ளன. முகமூடி தென்கரையின் ஆட்ட மரபிற்குரியது. கண்டி மலைநாட்டிற்கு உரியதன்று. வாங்குபவர்க்கு அதுவும் ‘கண்டி ஞாபகம்’தான். பிறந்த மண்ணையும் செய்த கையையும் இழந்த பொருள், வெறும் சரக்காகச் சுவரேறுகிறது.

இந்த நிலைக்கு எதிராக முதன்முதலில் உரத்த குரல் எழுப்பியவர்களுள் ஒருவர் ஆனந்த குமாரசுவாமி. 1903ஆம் ஆண்டு முதல் 1906 வரை இலங்கையின் கனிப்பொருள் ஆய்வுப் பகுதிக்குத் தலைவராயிருந்த அவர், கல்லைத் தேடி நடந்த கிராமங்களிலே கலையைக் கண்டார். அப்பிரயாணங்களின் விளைவே 1908இல் வெளிவந்த ‘மத்தியகாலச் சிங்களக் கலை’ என்னும் பெருநூல். இங்கிலாந்தில் புரோட் காம்டன் என்னும் சிற்றூரில், பழைய தேவாலயம் ஒன்றை ஆஷ்பி என்ற கட்டடக் கலைஞர் புதுக்கி அமைத்த இல்லத்தில் அவர் வாழ்ந்தார். வில்லியம் மொரிஸ் சாசரின் நூலைப் பதித்த அதே அச்சுப்பொறியில், தம் மேற்பார்வையிலேயே 425 பிரதிகள் அச்சிடுவித்தார். நூலும் ஒரு கைவினைப் பொருளாகவே உருவாயிற்று.

அந்நியர் ஆட்சியும் ஆலைச் சரக்கும் மலைநாட்டுக் கைவினைஞனின் வாழ்வை எவ்வாறு குலைத்தன என்பதை அவர் துணிந்து எடுத்துரைத்தார். அந்த நன்றி நம்மிடம் என்றும் உண்டு. எனினும், மன்னன் நிலமளிக்க, குடிமகன் அதற்கீடாகத் தொழில் செய்த இராஜகாரிய அமைப்பை அவர் கனிவு மிகுந்த கண்ணாலேயே நோக்கினார். அவ்வமைப்பின் மறுபுறம் சாதி. தும்பறைப் பாயில் யானையையும் மானையும் நெய்த கின்னர குலத்தார், அச்சமுதாயப் படிகளின் அடித்தட்டில் நிறுத்தப்பட்டவர்கள். அவர்கள் நெய்த பாய் உயர்ந்தோர் இல்லம் புகுந்தது; அவர்கள் புகவில்லை. 1832இல் இராஜகாரியம் ஒழிக்கப்பட்டது. கோயில் நிலங்களில் ஊழியமுறை எஞ்சி நின்றது. சாதியிழிவும் உடன் நின்றது. மொரிஸ் ஒரு சமதர்மவாதி. அவரது கைவினைப் பற்றைச் சுவீகரித்த குமாரசுவாமி, அவரது சமதர்ம வேட்கையை அந்த அளவிற்குச் சுவீகரிக்கவில்லை என்பதே நமது குறை.

நாற்பதாண்டுகளுக்குப்பின், கண்டியிற் பிறந்த மினெற் டி சில்வா வேறொரு விடையைத் தேடினார். பிரித்தானிய அரச கட்டடக் கலைஞர் கழகத்தில் 1948இல் இணையுறுப்பினரான அப்பெண்மணி, ஐரோப்பியப் பயணங்களில் புதிய கட்டடக்கலையைக் கற்றறிந்தார். ஆனால் அதை அப்படியே பெயர்த்துவந்து நடவில்லை. கண்டி மலைச்சரிவில் அவர் அமைத்த கருணாரத்தின இல்லத்தில், கொங்கிரீற்றுடன் சுடுமண் ஓடும், அரக்கு வேலையும், தும்பறை நெசவும் கலந்தன. ஜோர்ஜ் கீற்றின் சுவரோவியமும் அங்கு இடம்பெற்றது. தும்பறை நெசவு அங்கே சுவரில் தொங்கும் ஞாபகச் சின்னமன்று, கதவின் உறுப்பு. அலங்காரத்திற்கும் கட்டடத்திற்கும் இடையிலிருந்த வேலியை அவர் அகற்றினார். அதனால் கைவினைஞன், விலைபேசி முடிந்ததும் மறக்கப்படும் விற்பனையாளனாக அன்றி, வீடு கட்டுவோருள் ஒருவனாக மதிக்கப்பட்டான். 1958இல் வட்டபுளுவ வீடமைப்புத் திட்டத்திற்காகக் குடியேறவிருந்தோரிடமே தேவைகளைக் கேட்டறிந்து திட்டம் தீட்டியதும் இம்மதிப்பின் தொடர்ச்சியே.

ஆயினும், அத்தகைய இல்லம் வசதி படைத்தோர்க்கே வாய்த்தது. வட்டபுளுவத் திட்டமும் அரசாங்க ஊழியரோடு நின்றது. கண்டியைச் சூழ்ந்த தேயிலை மலைகளின் லயங்களை அந்த அழகு எட்டவேயில்லை.

பிரயாணத்தால் வீட்டை அலங்கரித்தவர்களைப் பற்றிப் பேசும்போது நாம் மறந்துவிடும் பிரயாணிகள் இவர்களே. மன்னார்க் கரையில் இறங்கிக் காடு கடந்து மாத்தளைக்கு நடந்து வந்த தமிழகத்துக் கூலிமக்களின் பயணத்தைவிடக் கொடிய பயணம் எது? ஏறத்தாழ 10 அடிக்கு 12 அடி கொண்ட காம்பிராவிலே அவர்கள் ஊர்த்தெய்வத்தின் படத்தை மாட்டினர், விளக்கேற்றினர், புகை படிந்த சுவரில் பழைய பத்திரிகைத் தாளை ஒட்டினர், இஸ்தோப்பின் மண்தரையைச் சாணமிட்டு மெழுகிக் கோலமிட்டனர். நடுத்தர வர்க்கத்தின் கூடங்களில் ஞாபகப் பொருள் சென்றுவந்த இடத்தைச் சொல்லும். காம்பிராவிலோ அது திரும்பிச் செல்ல முடியாத ஊரைச் சொல்கிறது. இதனைக் கலையென்று எந்த நூலும் பதிவு செய்யாவிடில், குறை நூலினது, கோலத்தினது அன்று.

இன்று துரைமார் பங்களாக்கள் பல உல்லாச விடுதிகளாகிவிட்டன. கொழுந்துக் கூடையும் தேயிலைப் பெட்டியும் அங்கே அலங்காரப் பொருள்கள். சற்று கீழே, அதே கூடை ஒரு பெண்ணின் முதுகில் தொங்குகிறது. மேலே தொங்குவது அழகாயின், கீழே தொங்குவதற்கு என்ன பெயர்? 2023இல் மலையக மக்களின் 200 ஆண்டு வரலாற்றை நினைவூட்டித் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தவர்கள் இவ்வினாவையே கால்களால் எழுதிச் சென்றனர். இன்றும் பலர்க்குத் தாம் கோலமிடும் நிலம் சொந்தமில்லை.

ஆகவே, ஆசிரியர்களும் மாணவர்களும் கண்டிக்கு வருக. பாயும் பித்தளையும் வாங்குக. வாங்குமுன் நெய்தவரின் பெயரைக் கேளுங்கள். அவர் கைக்குச் சேரும் பங்கைக் கேளுங்கள். அழகை வெறுப்பதல்ல நமது கொள்கை, அழகைப் பொதுவாக்குவதே. ஆணி அடிக்கத் தனக்கென்று ஒரு சுவர் இல்லாத மனிதன் இந்த மலைகளில் உள்ள வரையில், நம் வீட்டு அலங்காரம் எதுவும் நிறைவு பெற்றதாகாது.