தவளைக்கும் உண்டு தமாஷ் கவிதை!

புலி பாய்ந்தால் வீரகாவியம். குயில் கூவினால் காதற்கவிதை. தவளை கத்தினால் மட்டும் வெறும் இரைச்சலா? அன்று என்றான் கிரேக்கத்து அரிஸ்டோபனீஸ்.

கி.மு. 405. ஸ்பார்ட்டாவுடன் நடந்த நெடும்போரில் ஏதென்ஸ் நலிந்திருந்த நேரம். 'தவளைகள்' அரங்கேறியது, முதற்பரிசும் பெற்றது. நல்ல கவிஞன் நாட்டில் இல்லையே என்று, மாண்ட கவிஞனை மீட்கக் கீழுலகம் புறப்படுகிறான் நாடகத் தெய்வம் டயோனிசஸ். துடுப்புப் போடத் தெரியாமல் திணறுகிறான். ஏரித் தவளைகள் கத்துகின்றன. பொருளற்ற ஒலிதான், ஆனால் துடுப்போடு மல்லுக்கு நிற்கும் சந்தம்! ஆண்டவன் அருளா பாலித்தான்? தவளையோடு போட்டியிட்டுத் தானும் கத்தினான்! அவனுக்கென்றே எடுத்த விழாவில், அவனைக் கண்டே மக்கள் நகைத்தனர்.

அவன் அடிமை சாந்தியாஸுக்கோ படகில் இடமில்லை. ஏரியைச் சுற்றி நடக்கிறான். பின்னர், இருவரில் கடவுள் யாரென அறியச் சவுக்கு சுழல்கிறது. அடி விழுந்தால் ஆண்டவனுக்கும் வலிக்கிறது, அடிமைக்கும் வலிக்கிறது. இதைவிடச் சிறந்த பகுத்தறிவுப் பாடம் வேண்டுமோ?

குறையும் உண்டு. கடவுளை நகைத்தவன் அடிமைமுறையை ஒழிக்கச் சொன்னானில்லை. புதுமை பேசிய யூரிப்பிடீஸைத் தோற்கடித்து, பழைய ஈஸ்கிலஸையே மீட்டுவரச் செய்தான். அந்தத் தராசு நமக்கு வேண்டாம். அந்தச் சிரிப்பு வேண்டும்.

இளங்கவிஞர்காள்! வாளையும் வேங்கையையும் நிரம்பப் பாடிவிட்டீர்கள். ஒரு மழைநாள் மாலை குளக்கரைக்கும் செல்லுங்கள். ஆயிரம் கண்டனக் கூட்டங்கள் அசைக்காத பீடத்தை, ஒரு தவளை அசைத்துவிடக்கூடும்!