உப்புக்காற்றில் ஒரு போல்ட்

நல்லவாடு கடற்கரையில் இரும்புக்கு ஆயுசு குறைவு. உப்புத் துளி ஜன்னல் கம்பியிலும் கேட் கீலிலும் படிந்து, காற்றின் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். துரு அங்கே தொடங்கும். கட்டுமரத்தில் இந்தத் தொல்லையே இல்லை. மரங்களைக் கயிற்றால் பிணைத்தார்கள், ஆணி கிடையாது. ஃபைபர் படகிலோ இஞ்சினும் போல்ட்டும் உண்டு.

எவர்சில்வர் துருப்பிடிக்காது என்பது பாதி உண்மை. சமையலறையில் மின்னும் 304 ரகத்தில், உப்பிலுள்ள குளோரைடு ஊசிமுனைக் குழிகளைத் தோண்டும். 316 ரகத்தில் 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் உண்டு, கூடுதலாகத் தாங்கும். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான், சாதாரணக் காந்தமும் காட்டிக்கொடுக்காது. கடைக்காரரை நம்ப வேண்டியதுதான்!

தண்ணீர்க் குழாயில் வேறு கூத்து. பித்தளை வால்வை ஜி.ஐ. குழாயோடு முடுக்கினால், இணைப்பருகே இரும்புதான் முதலில் அரித்துப்போகும். உப்புத் தண்ணீருக்கு பிவிசி மேல்.

எனக்குப் பிடித்தது அவுட்போர்டு இஞ்சினின் துத்தநாகக் கட்டி. கடல்நீரில் தான் முதலில் கரைந்து, இஞ்சினின் அலுமினியத்தைக் காப்பாற்றும். அதன்மேல் பெயின்ட் அடித்தால் வேலை செய்யாது. பாதி கரைந்ததும் மாற்றிவிடுங்கள்.