நாச்சிகுப்பத்துப் பக்கமிருந்து நட்சத்திரங்கள்

தமிழ் நட்சத்திரங்களைப் பற்றிய ஆய்வு எம்.ஜி.ஆரிடமிருந்துதான் தொடங்குகிறது. ராபர்ட் ஹார்ட்கிரேவ் 1970-களில் ரசிகர் மன்றங்களைப் பற்றி எழுதினார். 1992-இல் வந்த எம்.எஸ்.எஸ். பாண்டியனின் நூல் ('பிம்பச் சிறை' என்று தமிழிலும் கிடைக்கிறது) கேள்வியைக் கூர்மையாக்கியது: திரையில் ஏழைப் பங்காளன், ஆட்சியிலோ ஏழைக்குக் கிடைத்தது சொற்பம்; பிறகும் மக்கள் ஏன் அவரைக் கைவிடவில்லை? படங்களோடு, மலிவு விலையில் விற்ற வாழ்க்கை வரலாற்றுப் புத்தகங்களையும் பாண்டியன் அக்கறையாகப் படித்தார். இன்றும் பழசாகாத பகுதி அதுதான்.

இந்த ஆய்வுகளின் பார்வை பெரும்பாலும் சென்னையிலிருந்து வருகிறது; சாரா டிக்கி மதுரைக்குப் போய் எளிய ரசிகர்களோடு பேசினார். ஓசூரை இவர்கள் எட்டிப் பார்க்கவில்லை. அசோக் லேலண்டும் டைட்டனும் கூப்பிட்டு வந்த வெளியூர்க்காரர்களோடு தெலுங்கும் கன்னடமும் வீட்டுமொழியாக உள்ளவர்கள் கலந்து வாழும் ஊர். ஜூஜூவாடியைத் தாண்டினால் கர்நாடகம். நட்சத்திரத்தின் பிம்பம் எதுவரை செல்லும் என்று இங்கே நின்றால் தெரியும்.

பெங்களூருவில் பேருந்து நடத்துநராக இருந்த சிவாஜி ராவ் கெய்க்வாட் 1975-இல் 'அபூர்வ ராகங்கள்' மூலம் ரஜினிகாந்த் ஆனார். ஓசூர் இருக்கும் அதே கிருஷ்ணகிரி மாவட்டத்தில், வேப்பனப்பள்ளி அருகே உள்ள நாச்சிகுப்பம் அவருடைய முன்னோர் ஊர். பெற்றோருக்கு அங்கே நினைவிடம் உண்டு. 2017 மே மாதம், அரசியலுக்கு வருவாரா என்று நாடே கேட்டுக்கொண்டிருந்தபோது, ரசிகர்களிடம் தன் முன்னோர் கிருஷ்ணகிரிக்காரர்கள் என்று அவரே எடுத்துச் சொன்னார். சொந்த விஷயம்தான்; ஆனால் மேடையில் வைத்தபோது அது பிம்பத்துக்கு வேண்டிய சரக்காகிவிட்டது. விக் இல்லாத தலை, வெள்ளைத் தாடி, இமயமலைப் பயணம் எல்லாமும் அப்படித்தான். ஒப்பனை இல்லாத ரஜினிதான் உண்மையான ரஜினி என்பார்கள். தமிழ்நாடே பார்த்துப் பழகிய ஒன்றை எப்படி அந்தரங்கம் என்பது?

அதற்கு முன்பே, 2008-இல், அவர் எந்த ஊர்க்காரர் என்ற விஷயம் வேறு மாதிரி வெடித்திருந்தது. கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களின் ஃப்ளோரைடு நீருக்கு மாற்றாக வந்த ஒகேனக்கல் குடிநீர்த் திட்டத்துக்குக் கர்நாடகத்தில் எதிர்ப்பு. ஏப்ரலில் சென்னையில் நடிகர்கள் உண்ணாவிரதம் இருந்தார்கள்; ரஜினி சூடாகப் பேசினார். ஜூலை கடைசியில் 'குசேலன்' வெளியாகும் நேரம், கர்நாடகத்தில் படத்துக்கு எதிர்ப்பு கிளம்பியது; கன்னடர்களிடம் வருத்தம் தெரிவித்தார். இங்கே கொதித்தார்கள். புகழ்பெற்ற நடிகனுக்கும் அவனுடைய பழைய நண்பனான சவரத் தொழிலாளிக்கும் இடையிலான கதை அந்தப் படம்! ஒரே ஆளிடம் இரண்டு மாநிலங்கள் இரண்டு முகங்களைக் கேட்டன. இதில் எது அவருடைய சொந்த முகம் என்பது யாருக்கும் தேவைப்படவில்லை.

கன்னடப் பெருமையின் உருவமான நடிகர் ராஜ்குமாரோ தமிழ்நாட்டுத் தாளவாடிப் பகுதியின் கஜனூர்க்காரர். 2000-இல் சந்தனக் கடத்தல்காரன் வீரப்பன் அவரைக் கடத்தியதும் அங்கிருந்துதான். ஆய்வாளர் மாதவ பிரசாத் நட்சத்திர அரசியல் பற்றிய தன் நூலில் எம்.ஜி.ஆர்., என்.டி.ஆரோடு இவரையும் சேர்த்துப் படித்தது சும்மா அல்ல.

ஜெயலலிதா கதைதான் பாண்டியனின் கேள்விக்கு நேராக வந்து நிற்கிறது. 1991-இல் இதே கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பர்கூரில் வென்று முதல்வரானார். மாதச் சம்பளம் ஒரு ரூபாய் என்றார். 1995-இல் வளர்ப்பு மகனின் ஆடம்பரத் திருமணம் நடந்தது. அடுத்த ஆண்டு அதே பர்கூர் அவரைத் தோற்கடித்தது. போயஸ் தோட்டச் சோதனை அதற்குப் பிறகுதான், 1996 டிசம்பரில். சேலை, செருப்பு, நகை என்று பட்டியல் ஊரறிய வெளிவந்தது. ஒரு நடிகையின் அலமாரியே அரசுப் பதிவேட்டில் ஏறியது. சொத்துக் குவிப்பு வழக்கு பின்னர் பெங்களூருவுக்கே போனது.

ஆனால் பர்கூர்க்காரர்கள் பட்டியலுக்காகக் காத்திருக்கவில்லை. கட்சியே ஊர்வலமாகக் காட்டிய கல்யாணம் போதுமானதாக இருந்தது. பட்டியலை அறிந்த பிறகும் 2001-இல் தமிழ்நாடு அவரை முதல்வராக்கியது. கிருஷ்ணகிரி உட்பட நான்கு தொகுதிகளில் அவருடைய வேட்புமனு தள்ளுபடியான தேர்தல் அது. உள்ளே என்ன இருந்தது என்று தெரியாமல் ஏமாந்தார்கள் என்ற விளக்கம் அந்த வாக்குக்குப் பொருந்தாது.